வழக்கமாக

கார்டிஃப் சட்டமன்றத்தின் கண்ணாடிக் கூண்டில்
மெரெரிட் ப்ராஸருக்கு வேலை
ஒரு மொழியைக் காதில் வாங்கி
இன்னொன்றாய் வாயில் விடுவது.
நடுவே எதுவும் தங்கக் கூடாது.
பதினேழு ஆண்டுகளாகத் தங்கியதில்லை.

அன்று ஒரு சொல் தங்கிவிட்டது.

உங்கள் ஒப்புதல் இல்லாமல்
உங்கள் அதிகாரத்துக்குட்பட்டதில்
லண்டன் வழக்கமாகச் சட்டம் இயற்றாது
என்று எழுதியிருந்தது.

வழக்கமாக.
வெல்ஷில் அது 'வெல் ஆர்வேர்'.
எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்,
கதவைத் திறக்கிறவர்கள்
கீலைப் பார்ப்பதில்லை என்பதுபோல.
அன்றுதான் அது கிறீச்சிட்டது.

கீழே பொத்தான்களை அழுத்தினார்கள்.
ஒப்புதல் இல்லை என்று திரையில் வந்தது.
லண்டனிலிருந்து பதில்:
உங்கள் கருத்தைக் குறித்துக்கொண்டோம்.
பின்னாலேயே சட்டமும் வந்தது.
குறித்துக்கொள்வதற்கு வெல்ஷில் நல்ல சொல் உண்டு.
கெட்ட பொருள் தர அதற்கு இன்னும் பழக்கமில்லை.

புரஸ்ஸல்ஸிலிருந்து அதிகாரங்கள்
வீடு திரும்புகின்றன என்றார்கள்.
உரம், பூச்சிமருந்து, வலைக் கண்ணியின் அளவு,
பொட்டலத்தின் மேல் ஒட்டும் சீட்டு.
வருகிற வழியில் லண்டனில் இறங்கின.
விருந்தும் மருந்தும் மூன்று நாள்.
இவை பெட்டியைப் பிரித்து
துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டன.

வடக்கே, மெனாய் நீரிணையில்,
அவள் தங்கை கணவன் இத்தெல் பாரி
கருஞ்சிப்பி வளர்க்கிறவன்.
விலகத்தான் வாக்களித்தான்.
ஓராண்டு அவனோடு அவள் பேசவில்லை.
பிறகு ரக்பி பற்றி மட்டும் பேசினார்கள்.

இரவில் லாரி ஏற்றினால்
மறுநாள் மாலை நெதர்லாந்து. அது முன்பு.
இப்போது கரையிலேயே கழுவித் தூய்மையாக்கி
முத்திரை குத்தி அனுப்ப வேண்டுமாம்.
தொட்டி கட்டப் பணம் வேண்டும்.
கார்டிஃப் சொன்னது:
தண்ணீர் எங்கள் துறை, எல்லை எங்கள் துறையல்ல.
லண்டனில் தொலைபேசி
நாற்பது நிமிடம் பியானோ வாசித்தது.
நன்றாகத்தான் வாசித்தது என்றான் இத்தெல்.

சிப்பிக்கு அரசியலமைப்பு தெரியாது.
நீரிலிருந்து எடுத்ததும் வாயை இறுக மூடிக்கொள்ளும்.
மூடியிருக்கும்வரை உயிரோடிருக்கிறது.
திறந்து கிடந்து
தட்டினாலும் மூடாததை
எடுத்து வீசிவிடுவார்கள்.

அவன் ஊருக்குத் திரும்பும் வளைவில்
இன்னும் நிற்கிறது நீலப் பலகை,
பன்னிரண்டு மஞ்சள் நட்சத்திரங்களோடு:
இச்சாலை ஐரோப்பிய நிதியில் அமைக்கப்பட்டது.
இரண்டு நட்சத்திரங்களைப் பாசி மூடிவிட்டது.
பலகையை யாரும் கழற்றவில்லை.
கழற்றும் செலவு யாருடையது என்று
இன்னும் முடிவாகவில்லை.

மார்ச்சில் இன்னொரு மசோதா.
இன்னொரு மறுப்பு, அதே சொல்.
மெரெரிட் அரை நொடி தாமதித்தாள்.
கீழே ஓர் உறுப்பினர் காதுக்கருவியைத் தட்டிப் பார்த்தார்,
பழுது கருவியில் என்று நினைத்து.

அன்றிரவு இத்தெல் அழைத்தான்.
ரக்பி பற்றி இல்லை.
பின்னணியில் படகைக் கழுவும் தண்ணீரின் இரைச்சல்.
படகை விற்கப் போகிறானா என்று
அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.
"இப்படி உங்களைக் கேட்காமலே
செய்துவிடுவார்களா?" என்றான்.

"கேட்டார்கள். மாட்டோம் என்றோம்."

"பிறகுமா?"

கண்ணாடிக் கூண்டில் இல்லை அவள்,
சமையலறையில் இருந்தாள்,
ஒலிவாங்கி இல்லை, பதிவேடு இல்லை.
ஆனாலும் எச்சரிக்கையாக,
முதல்முறை உச்சரிப்பவளைப் போல,
அந்தச் சொல்லை எடுத்தாள்.
"வழக்கமாகச் செய்ய மாட்டார்கள்."

அந்தப் பக்கம் தண்ணீர் நின்றது.
அவன் சிரிக்கிறானா என்று
தெரிந்துகொள்ள
கைபேசியை மறு காதுக்கு மாற்றினாள்.