நாற்பத்தோராவது சொல்

நிமிடத்துக்கு நூறு சொற்கள்.
ஐந்தாம் வகுப்புக்கு மாவட்டம் வைத்த அளவு.
கைப்பேசியில் விநாடி ஓடுகிறது,
மேசையில் பெயர்ப்பட்டியல், எதிரே காலிக் கட்டங்கள்.
வெளியே நரின் மலைகள்
மார்ச் பிறந்தும் வெள்ளையைக் கழற்றவில்லை.

அடுப்புக்குக் கரி போட இன்று எர்மெக்கின் முறை.
போட்டான், விரலைக் கால்சட்டையில் துடைத்தான்,
வந்து நின்று வாசித்தான்: நூற்று மூன்று.
என்ன வாசித்தாய் என்றேன்.
"வேகமாக வாசித்தேன், எஜே."
எஜே என்றால் அக்கா.
இந்த ஊரில் வாத்தியாரம்மாவும் அக்காதான்.

நுரைதா தொண்ணூற்றாறு.
காற்புள்ளிகளைச் சாக்கடை தாண்டுவதுபோல் தாண்டினாள்.
ஜில்திஸ் வாசிக்கும்போது உதடு அசையும், ஒலி வராது.
'பேச்சுத்திறன்' என்ற கட்டத்தில்
செப்டம்பரிலிருந்து அவளுக்கு ஒரு கோடுதான்.

பிறகு பெக்தூர்.
ஒவ்வொரு சொல்லையும் விரலால் தொடுவான்,
ஆற்றுக் கல்லைக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டு
எடை வைப்பவன்போல.
பாடத்தில் ஒரு பெண், ஒரு விடியல், ஒரு வாளி.
குதிரையின் பக்கத்தில் உட்கார்ந்து
பால் கறந்தாள்.
அங்கே நின்றுவிட்டான்.

சொல் தெரியவில்லை என்று நினைத்தேன்.
முதல் எழுத்தை உதட்டில் வைத்துக் காட்டினேன்.
அவன் என் உதட்டைப் பார்க்கவில்லை.
பக்கத்தைப் புரட்டினான், திரும்பப் புரட்டினான்.
"குட்டி எங்கே?"

"எந்தக் குட்டி?"

"குட்டி கிட்ட நிற்காமல் குதிரை பால் இறக்காது, எஜே.
யார் பிடித்துக்கொண்டார்கள்?"

நான் பிஷ்கெக்கில் வளர்ந்தவள்.
எனக்குப் பால் அட்டைப்பெட்டியில் சுரக்கும்.
நாற்பத்தைந்து விநாடி, நாற்பத்தாறு.

"குட்டி செத்துப்போயிருந்தால்?"

யார் அது?
கடைசி வரிசை. ஜில்திஸ்.
அடுப்புக் குழாய்கூட ஒரு கணம் வாயை மூடிக்கொண்டது.

"செத்தால் பால் நின்றுவிடும்."
"நிற்காது, எங்கள் சாம்பல் குதிரைக்கு நிற்கவில்லை."
"அதற்கு உன் சித்தப்பா வேறு குட்டியைக் காட்டினார்."
"காட்டினார், ஆனால் அதன்மேல் செத்த குட்டியின் தோலைப் போர்த்தி!"
இதுவும் ஜில்திஸ்தான்.
எழுந்தே நின்றிருந்தாள், தனக்குத் தெரியாமல்.
விநாடிகள் எப்போதோ முடிந்துபோயிருந்தன.

சரி, விட்டுப்போனதை எழுதுங்கள் என்றேன்.
பெக்தூர் எழுதியது இது:
"அவள் தம்பி குட்டியை அவிழ்த்தான்.
முதல் இரண்டு வாய் குட்டிக்கு.
அப்புறம் கழுத்தைப் பிடித்துத் தாயின் தோளோரம் நிறுத்தினான்.
தாய் திரும்பி முகர்ந்தது.
அது ஏமாறும்போது வாளியில் சத்தம் கேட்கும்."

ஏழு பிழை.
கிர்கிஸ் எழுத்தில் ந-வுக்கு ஒரு வால் வைத்தால் ங்.
ஐந்து இடத்தில் வாலே இல்லை.
சிவப்புப் பேனாவைத் திறந்து
வால்களை மட்டும் வரைந்தேன்.
வேறெங்கும் கை போகவில்லை.

எர்மெக் அதை உரக்க வாசித்தான்.
நூற்று மூன்றுக்காரன், மெதுவாக,
கடைசி வரிக்கு முன்னால் மூச்சுகூட விட்டான்.
கையெழுத்து புரியாததாலா என்று கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை படிவம் போகவேண்டும்.
பெக்தூருக்கு எதிரே 41.
கடைசிக் கட்டம் 'குறிப்பு',
கட்டைவிரல் நகமளவு இடம்.
அதில் 'குட்டி இல்லை' என்று எழுதினேன்.
அடித்தேன்.
அடித்ததற்கு மேலேயே மறுபடி எழுதினேன்.

செவ்வாயன்று மாவட்டத்திலிருந்து அழைப்பு.
"அம்மா, உங்கள் படிவத்தில் ஒரு குறிப்பு.
யாருடைய குட்டி? பள்ளிச் சொத்தா?"

விளக்க வாயெடுத்தேன்.
வகுப்பைப் பார்த்தேன்.
கைப்பேசியைக் கொண்டுபோய்
ஜில்திஸிடம் கொடுத்தேன்.