சாட்சிக் கட்டம்

படிவத்தின் அடியில் ஒரு கட்டம் உண்டு.
'ஊர்மக்கள் சார்பில் பார்வையிட்டவர்' என்று
தலையில் போட்டிருக்கும்.
ஒப்புக்குச் சப்பாணி.
கிர்கிஸ்தான் வரைபடத்தில் ஓர் ஈ உட்கார்ந்தால்
மறைந்துபோகிற அக்-துலாவில்
பதினோரு வருடமாக அதை நிரப்பியவன் நான்.

பொய் என்று அதை நாங்கள் சொன்னதில்லை.
கோப்பை முடிப்பது என்போம்.

கோடை மேய்ச்சலுக்கு ஏறிப்போனவன் பெயரைப் போடுவேன்.
மாஸ்கோவில் பனி வாரப் போனவன் பெயரைப் போடுவேன்.
திரும்பி வந்தாலும் கேட்கமாட்டார்கள்,
யார் வந்து படிக்கிறார்கள்?
அந்த ஜூனில் அவசரம்.
தலைவர் வாசலில் காரை உறுமவிட்டபடி நிற்கிறார்.
கைக்கு வந்தது தெமிர்குல் என்ற பெயர்.

தெமிர்குலை மார்ச்சில் புதைத்திருந்தோம்.
மண் உறைந்து கிடந்ததால்
அலுவலகக் கடப்பாறையைக் கேட்டு வந்தார்கள்.
எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.
அரை நாள் குத்தினார்கள்.

புருல்கான் பள்ளிக்கூடத்தில் சமைப்பவள்.
புருஷனின் ஓய்வூதியத் தாளுக்காக வந்தவள்
என் கதவு பூட்டியிருந்ததால்
அறிவிப்புப் பலகையைப் படித்திருக்கிறாள்.
நான் தேநீர் குடித்துத் திரும்பும்போது
அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.
கத்தவில்லை.
"ஜூன் ஏழாம் தேதி என் வீட்டுக்காரர்
எந்த இடத்தில் நின்று சாலையைப் பார்த்தார்?
காட்டுங்கள்.
நானும் போய் நிற்கிறேன்."

பிறகு கடப்பாறையைக் கேட்டாள்.

பால் வண்டி ஓட்டும் ஊசென் வந்தான்.
கணக்கு டீச்சர் கலிபா
கரும்பலகை ஓரத்து மர அளவுகோலோடு வந்தாள்.
வேலை இல்லாதவர்கள் வந்தார்கள்,
அவர்கள் நிறையப் பேர்.

ஒரே குத்து.
மார்ச் மாத மண் அவள் புருஷனுக்குத் தராத வழியை
புதுத் தார் உடனே தந்துவிட்டது.
அடியில் சரளைகூட இல்லை, பழைய வண்டித்தடம்.
காகிதத்தில் எட்டு சென்டிமீட்டர்.
கலிபா குனிந்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு,
மறுபடியும் குனிந்து
"இரண்டரை" என்றாள்.
ஊசென் பால் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டான்.
அடுத்த குழியில் மூன்று. அதற்கடுத்ததில் இரண்டு.
ஆலை வரைக்கும் பதினேழு குழி.

"வெயிலில் சுருங்கியிருக்கும்" என்றார் ஒப்பந்தக்காரர்.
"வெயிலில் என்னென்ன சுருங்கும் என்று சொல்லுங்கள்,
பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கவேண்டும்"
என்றாள் கலிபா.

யாரும் சிறைக்குப் போகவில்லை.
தலைவருக்கு வேறு ஊர் கிடைத்தது,
எங்களுடையதைவிடக் கொஞ்சம் பெரிது.
ஆலை வரைக்கும் தார் மறுபடி போட்டார்கள்.
அதற்கு அப்பால் இன்னமும் புழுதி.
எனக்கு மூன்று மாதச் சம்பளம் பிடித்தம்.
குறைவு என்றுதான் எனக்கும் படுகிறது.

புருல்கான் ஒரே ஒருமுறை அதைப் பற்றிப் பேசினாள்,
என் மகனுக்குச் சூப் ஊற்றிக்கொண்டே:
"உன் பெயரையே போட்டிருக்கலாமே.
நீயும் இந்த ஊர்தானே."

அக்டோபரில் பள்ளிக் கொதிகலனுக்கு நிலக்கரி வந்தது.
எடை போட எட்டுப் பேர் போதும்.
ஆனால் காற்றில் காது உதிரும் குளிரில்
ஊரே தராசைச் சுற்றி நின்றது.
இருநூறு கிலோ குறைவு.
லாரிக்காரர் திரும்பிப்போய்க் கொண்டுவந்தார்,
ஏதோ மறந்துவிட்டவர் மாதிரி.

அப்புறம் படிவத்தை என் மேசையில் வைத்து
ஒவ்வொருவராகக் குனிந்தார்கள்.
கட்டம் நிரம்பி ஓரத்துக்கு ஏறியது,
ஓரம் நிரம்பிப் பின்பக்கம் போனது.
நாற்பத்தொரு பெயர்.
ஒருவர் கையெழுத்தும் இன்னொருவருடையதுபோல் இல்லை.
பேனா கடைசியில் என் பக்கம் வந்தது.
நீட்டியது யார் என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாவட்ட அலுவலகம் அதைத் திருப்பி அனுப்பியது:
'முத்திரை வைக்க இடமில்லை.'

வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து
குண்டூசி குத்தி
மறுபடி அனுப்பிவைத்தேன்.
முத்திரை அதில் விழட்டும்.