பதினோராம் அங்குலம்

வெள்ளிக்கிழமை இரவு குளியலறைத் தொட்டியில்
நாற்பது கிலோ பழைய நாளிதழ்களை ஊறப்போட்டேன்.
"நான் எங்கே குளிப்பது?" என்றார் வீட்டுக்காரர்.
"சமையலறைக் குழாய் இருக்கிறதே."

சனி காலை, பாலிக் புலாவ் தாண்டி,
குன்றை வெட்டிய மண்சுவருக்கு முன்னால்
சொட்டச் சொட்ட அடுக்கினோம்:
இருபத்துநான்கு அங்குலக் காகிதம்.
சதையின் ஈரத்துக்கு இது ஏறக்குறைய போதும்.

துப்பாக்கி சூன் ஹுவாட்டுடையது, உரிமமும் அவன் பெயரில்.
டுரியான் தோட்டக்காரன்.
த்ரீ நாட் த்ரீ. கழுத்தில் 1943.
கட்டையில் ஆணியால் கீறிய நான்கு கோடுகள்,
எதை எண்ணினார்களோ.
பட்டாளம் கழித்துக்கட்டியதை
அப்பன் ஏலத்தில் எடுத்தானாம், சைக்கிள் விலைக்கு.

நான் பாயான் லெப்பாஸ் ஆலையில் அளவு பார்ப்பவள்.
சுடுவது அவன். அளப்பது நான்.

முதலில் பட்டாளத்துக் குண்டு,
உச்சி முதல் செம்புச் சட்டை போட்டது.
நுழைந்த இடத்தில் ஒரு பென்சில் துளை.
வெளியேறிய இடத்தில் இன்னொன்று, கொஞ்சம் சாய்ந்தது.
மிச்சத்தை மண்சுவர் விழுங்கிக்கொண்டது.

மார்ச் மாதம் இதே குண்டுதான்,
ஒரு பெண்பன்றிக்குள் போய் அந்தப் பக்கம் வந்தது.
அது மூன்று நாள் நடந்திருக்கிறது.
ஓடைக்கரையில் ஈக்கள் காட்டிக்கொடுத்தன.
அந்தச் சரிவில் பழம் பொறுக்க
இப்போதெல்லாம் அவன் ஆள் வைத்துவிட்டான்.

அடுத்தது வேட்டைக் குண்டு, மூக்கில் ஈயம் திறந்தது.
காகிதக் கட்டு ஒருமுறை எக்கி உட்கார்ந்தது.
பக்கம் பக்கமாகப் பிரித்தேன்:
பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, பாமாயில் விலை,
வாடகைக்கு அறை, கல்யாணமானவர்களுக்கு மட்டும்.
போகப்போகக் குழி அகன்றது, கை நுழையுமளவுக்கு.
பதினோராம் அங்குலத்தில், ராசிபலனுக்குள்,
காளான் போல் விரிந்து கிடந்தது. இன்னும் சூடு.
சிம்மம் முழுக்கப் போச்சு.
கன்னிக்கு மட்டும், "வீண் அலைச்சல் குறையும்."

"இப்படி விரிவதை மனுசன்மேல் சுடக்கூடாது" என்றேன்,
"அந்தக் காலத்திலேயே நாடுகள் கூடிக் கையெழுத்துப் போட்டிருக்கின்றன."
"அப்போ பன்றி?"
"பன்றி கையெழுத்துப் போடவில்லை."
சிரிப்பான் என்று நினைத்தேன்.
குண்டை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே,
"இது பட்டிருந்தால் அங்கேயே விழுந்திருக்கும்" என்றான்,
மலாயில், மெதுவாக, அந்த ஒன்றைப் பற்றி.

அதோடு கிளம்பியிருக்கலாம்.
ஐம்பது மீட்டரில் அட்டை வைத்து இன்னும் ஐந்து சுடச் சொன்னேன்.
மூன்று வட்டத் துளை. ஒன்று எங்கேயோ.
ஐந்தாவது, படுத்த துளை:
குண்டு பக்கவாட்டில் போயிருக்கிறது,
சந்தில் நண்டு போகிற மாதிரி.

தூண்டிலுக்குக் கட்டும் ஈயத்தில் ஒரு துண்டு,
எண்ணெய் தடவி, மரக்குச்சியால் தட்டித் தட்டி
குழல் முழுக்க ஓட்டி வெளியே தள்ளினேன்.
மைக்ரோமீட்டரில் வைத்தால் ஏழு தசம் ஒன்பது எட்டு.
குண்டின் பருமன் ஏழு தசம் ஒன்பது பூஜ்யம்.

"எவ்வளவு வித்தியாசம்?"
சொன்னால் புரியாது.
பின்னலிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி
அதையும் அளந்து காட்டினேன். ஏறக்குறைய அதே.
யார் யாரோ சுட்டு, யாரும் சரியாகத் துடைக்காமல்,
எண்பது வருடத்தில் தேய்ந்தது ஒரு முடி.
அதற்குள் ஒரு பன்றி மூன்று நாள் நடக்கலாம்.

முடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
காற்று கொண்டுபோய்விட்டது.
துப்பாக்கியைப் பழைய சாரத்தில் சுற்றினான்,
போல்ட்டை மட்டும் தனியாகக் கழற்றிப்
பையில் போட்டுக்கொண்டான்.
"வேலிக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டான்.
அது என் துறை இல்லை. ஆனாலும்
திரும்பும் வழியெல்லாம் மீட்டர் கணக்குப் போட்டோம்.

தொட்டியைச் சுற்றி மை ஒரு கோடு,
தண்ணீர் நின்ற உயரத்தில்.
இரண்டு முறை தேய்த்தேன்.
அவர் ஞாயிற்றுக்கிழமையும்
சமையலறைக் குழாயில்தான் குளித்தார்.