பேர் விழாதவர்கள்

வியாழக்கிழமை விடியப் பெரட்டுக்கு
கங்காணியோடு நாங்கள் நாற்பத்தொருவர்.
மூடுபனி கலைந்ததும் எண்ணினேன்:
எண்பத்தொன்று.

ஒன்று இடிக்கிறதே என்று மறுபடி எண்ணினேன்.
அப்புறம்தான் விளங்கியது,
அவரவருடையது அவரவர் கண்ணுக்குப் படாது.

கோயில் படத்தில் இருக்கிற மாதிரி இல்லை.
இறகு இருந்தது,
மழையில் விட்ட சாக்கு போலத் தொங்கிக்கொண்டு.
கணுக்காலெல்லாம் அட்டை கடித்த வடு.
குணசுந்தரியுடையது அவள் பின்னால் நின்று
படங்குக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தது,
பிறந்ததிலிருந்து இதே வேலைதான் என்பதுபோல்.

சிலர் முனியாண்டி என்று கும்பிட்டார்கள்.
பிலோமினா காவல் சம்மனசு என்று சிலுவை போட்டாள்.
கங்காணி, யூனியன் ஆட்களா என்று கேட்டார்.
அவர் முதுகுக்குப் பின்னால் ஒன்று
கொட்டாவி விட்டது.

மஸ்கெலியா பஸ் வளைவில் திரும்பியது.
கூரை மேலே நெருக்கியடித்து
டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.
எங்களைப் பார்த்து ஒன்றிரண்டு கை அசைத்தது.
எங்களை அல்ல,
எங்களுக்குப் பின்னால்.

பத்து மணி நிறுவையில்
ஈரத்துக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒன்று என்று
கணக்கப்பிள்ளை கழிக்கத் தொடங்க
அவருடையது தலையைத் திருப்பி
எதிர்மலையைப் பார்த்தது.
பழகிப்போன திருப்பல்.
நாங்கள் பார்த்தோம்.
நாங்கள் பார்ப்பதை அவர் பார்த்தார்.
அன்றைக்கு மட்டும்
சாக்குக்குக் கழிக்கவில்லை.

மத்தியானம் துரை பங்களாவிலிருந்து ஆள் வந்தது:
செக்ரோலில் பேர் இல்லாதவர்கள்
மலையில் நிற்கக்கூடாதாம்.
யாரும் சிரிக்கவில்லை. அவர்களும் போகவில்லை.

"என்னோடது எப்பிடிடி இருக்கு?"
"நல்லாத்தான் இருக்கு," என்றாள் குணசுந்தரி,
கொழுந்தை விட்டுக் கண்ணெடுக்காமல்.
விடாமல் கேட்டேன்.
"ஒரு கை இல்ல."

ஆறு வருசத்துக்கு முந்தின மழை.
ஒன்றுக்குப் போக எழுந்த என்னை
இருட்டில் யாரோ இழுத்துப் போட்டார்கள் என்றேன்.
பயத்தில் பேசுறா, தூங்க வைங்க என்றார்கள்.
விடிந்து பார்த்தால் கீழ் லயம் இல்லை.
தங்கச்சி அமலியும் இல்லை.

நிறுவை முடிய முன்னமே இறங்கிப் போனேன்.
சரிவில் இப்போது மானாப்புல் ஆளுயரம்.
புல்லுக்குள்ளே அசைவு.
பதினேழு பேர்.
காவலுக்கு ஆளில்லாத பதினேழு பேர்
முட்டி போட்டு மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்,
நிதானமாக, கையால்,
நேற்றுத்தான் சரிந்தது போல.

அமலியுடையதைத் தேட வேண்டியிருக்கவில்லை.
எழுந்து இடம் மாறுகையில்
அவளைப் போலவே இடது காலை இழுத்தது.
விரல் நுனியில் நகம் இல்லை.

ஆறு வருசமாய் ஒரு கேள்வி வைத்திருந்தேன்.
கடைக்குப் போகும்போது, கவ்வாத்து மலையில்,
பூசையில் எல்லோரும் எழும்பி நிற்கும்போது
அதை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு திரிந்தேன்:
ஏன் அவளை விட்டாய்?

வாய் திறக்குமுன்னே அது நிமிர்ந்தது.
என்னைப் பார்த்தது.
பிறகு என் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில்
வேறு யாரையோ பார்த்தது,
கொஞ்ச நேரம்.
வேலை மாறுகிறவர்கள் வழியில் சந்தித்தால்
தலையாட்டிக்கொள்வார்களே, அப்படி ஒரு தலையாட்டல்.
திரும்பவும் மண்ணுக்குக் குனிந்துவிட்டது.

அவ்வளவு உயரமா என்று நினைத்தேன்.
என் லயத்துக் கதவில்
தினமும் இடித்துக்கொண்டுதான் வந்திருக்கும்.

கேள்வியைக் கேட்கவில்லை.
மத்தியானத்துக்கு வைத்திருந்த றொட்டியைப் பிட்டு
புல்லின் மேல் வைத்தேன்.
தின்பார்களோ என்னவோ.

பனி மறுபடி இறங்கத் தொடங்கியிருந்தது.
ஏறுகிற பாதை வழுக்கல்.
எந்தக் கை இல்லை என்று
குணசுந்தரியிடம் கேட்க மறந்துவிட்டேன்.
அதனால் இரண்டு கையையும்
உடம்பிலிருந்து கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டு
மேலே நடந்தேன்.