இடம்புரி

மிதக்கவிட்ட தெர்மோகோல் துண்டின் அடியில்
இரவோடிரவாக ஒட்டிவிட்டுப் போயிருக்கிறது நத்தை,
தேன்நிறப் பசைக்குள் இருபத்திரண்டு முட்டைகள்.
தின்ற கீரைக்கு வாடகை.

ஐந்தாம் நாள்
உருப்பெருக்கியின் கீழே
தன் தன் பனிக்குடத்துக்குள் கருக்கள் சுழல்கின்றன,
பொழுதுபோகாத பிள்ளைகள்போல.
இந்த இனம் இடம்புரி.
எந்தப் பக்கம் சுருள்வது என்பதை
தாயும் தகப்பனும் தானேயான அந்த ஒற்றை நத்தை
சினையிலேயே எழுதி முடித்துவிடுகிறது.
பிள்ளைக்கு மேல்முறையீடு கிடையாது.

பிறகு என் வேலை.
வெளுப்புக் கரைசல், சாராயம், கிருமி நீக்கிய நீர்,
மறுபடியும் நீர்.
சல்லடைமேல் வைத்து
கண்ணாடிக் கோலால் ஓர் அழுத்து.
சத்தமே வராது.
எத்தனை உயிர் என்று எண்ணுவதை
மூன்றாம் மாதத்தோடு விட்டுவிட்டேன்.

முப்பத்தெட்டுக் குப்பிகள் பூஞ்சணத்துக்குப் போயின.
அவற்றில் ஒன்று நல்ல பச்சை, வெல்வெட்டுப்போல.
காவலாளி ஒனெசிமோ எட்டிப் பார்த்து
"கடைசியில் வளர்த்துவிட்டீர்களே, டோனா ஜுசேலியா!" என்றார்.
நன்றி சொல்லிவிட்டுக் கொட்டினேன்.

முப்பத்தொன்பதாவதில்
கண்ணாடியைப் பற்றிக்கொண்டன சில.
கால் நீட்டின. இரண்டாயின.
ஓடில்லை. கொம்பில்லை.
இடமுமில்லை, வலமுமில்லை.
தாய் எழுதியதை எங்கே தொலைத்தன?
ஓரத்தில் ஒரு கொத்து மட்டும்
எந்த உடம்புக்கு என்று தெரியாமலே
நாலு நாள் துடித்துக்கொண்டிருந்தது.

புனித யோவானின் இரவு.
பெலோ ஒரிசோன்ச்சி முழுக்கச் சொக்கப்பனைகள், வாணம்,
வேகவைத்த சோள வாசனை.
ஏதோ ஒரு வெடி
எங்கள் தெருவின் மின்கம்பத்தைத் தொட்டது.
வெப்பப்பெட்டியின் சிவப்பு எண்கள் அணைந்தன.
வெளியே ஜூன் மாதக் குளிர், பதின்மூன்று பாகை.
இவற்றுக்கு வேண்டியது இருபத்தேழு.

குப்பியை மார்போடு அணைக்கத்தான் கை போனது.
நின்றேன்.
என் உடம்பு முப்பத்தாறரை.
அந்தச் சூட்டில் இவை சாகும்.
அந்தச் சூட்டைத் தேடி வருவது
புழு.

ஒன்பது வயதில் கபிவாரா ஓடையில்
எனக்குள் நுழைந்தது அது.
அடி தெரியும் தண்ணீர்,
கல்லுக்கடியில் காசளவு நத்தைகள்,
யாருக்கும் பயமில்லை.
தம்பி அடெல்மோவின் வயிறு பானையானது.
"எப்போதடா பிரசவம்?" என்று
அப்பா கேலி செய்துகொண்டே இருந்தார்,
ஆகஸ்டு வரை.
என் ஈரலில் இன்னும் தழும்பிருக்கிறது,
ஸ்கேன் எடுத்தவர் எனக்கும் காட்டினார்.

சட்டைமேல் ஒரு கம்பளி, அதன்மேல் குப்பி,
அதன்மேல் ஒனெசிமோவின் மேல்கோட்டு.
அவருடைய காப்பிக் குடுவையை
ஒரு சாண் தள்ளி வைத்து,
வெப்பமானியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.
இருபத்தைந்து. இருபத்தெட்டு. கொஞ்சம் விலகு.
இருபத்தேழு.
இவ்வளவு தூரத்தில் வைத்து
நான் எதையும் காப்பாற்றியதில்லை.

விடிய மூன்று மணிக்கு விளக்கு வந்தது.

செப்டம்பரில், நிறைந்த குப்பியொன்றில்
புழுவின் குஞ்சை விட்டோம்.
இதற்காகத்தான் இவ்வளவும்:
நத்தைக்குள் அது என்ன செய்கிறது என்பதை
நத்தையில்லாமல் பார்க்க.
மயிர்க்கால்கள் துடுப்புப் போட
மூலைக்கு மூலை சுற்றியது.
களைத்தது. துடுப்புகளைக் கழற்றிப் போட்டது.
படுத்தது.

அப்போது, ஒவ்வொன்றாக,
கண்ணே இல்லாத அவை
அதை நோக்கி ஊர்ந்தன.
நத்தை நடையேதான்.
மறுநாள் காலையில்
அதைச் சுற்றி ஒரு முழு வட்டம்.

சிறையா? தொட்டிலா?
அதற்குள் ஏதோ அசைகிறது, தடிக்கிறது.
பதிவேட்டில் எந்த வினைச்சொல்லைப் போடுவது?
'வளைத்தன' என்று எழுதி அடித்தேன்.
'அணைத்தன' என்று எழுதி அதையும் அடித்தேன்.
'நெருங்கின. 27 பாகை. காலை 6.40.'

கையுறையைக் கழற்றினேன்.
தொட்டியில் பசியோடு இருந்தன மற்றவை,
முதுகில் முடிவான திசையோடு.
கீரையைக் கிள்ளிப் போட்டேன்.