ஒன்பது நாள்

குடியாத்தத்தில் எங்கள் பள்ளிச் சுவரிதழுக்கு
'நாலாம் மணி' என்று பேர்.
பி.டி. அறைக்குப் பக்கத்தில்
கைப்பந்து வலை காயும் கம்பிக்குக் கீழே
மாதம் இருமுறை, நாலு குண்டூசி.

எனக்கு வேதியியல். இது கூடுதல் பொறுப்பு.
ஆசிரியர் கூட்டத்தில் நான் குனிந்து
பைக்குள் மாத்திரை தேடிக்கொண்டிருந்தபோது
என் தலையில் விழுந்தது.

முதல் வருடம் பொன்மொழிகள் போட்டார்கள்.
மழை எட்டிப் பார்க்காத வருடத்தில்
மழையைப் பற்றி ஏழு கவிதை.
அப்புறம்தான் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.
'பலர்' என்று எழுதாதே, எத்தனை பேர்?
'கூறப்படுகிறது' என்றால் கூறியது யார்?
தண்ணீர் வரவில்லையா,
எந்தக் குழாய், என்ன கிழமை,
நீ திறந்து பார்த்தாயா?
ஒருவரைக் குறை சொல்லும் முன்
அவரிடமே போய்க் கேள்.
சொன்னதைச் சொன்னபடி போடு.

ஷமீமாவுக்கு இதில் பாதி முன்பே தெரியும்.
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு.
வீட்டில் பீடி சுற்றுகிறார்கள்.
கட்டில் ஒன்று குறைந்தாலும்
ஏஜெண்ட் மொத்தத்தையும் தள்ளிவிடுவார்.
இரண்டு தரம் எண்ணாமல்
எதையும் வாசலுக்கு வெளியே அனுப்பாத வீடு.

மாசி முடிவதற்குள்ளேயே வெயில் ஏறிவிட்ட ஒரு மதியம்
அவள் கொண்டுவந்த தாளில்
'சில ஆசிரியர்கள் தாமதமாக வருகிறார்கள்' என்றிருந்தது.
பழக்கத்தில் வட்டம் போட்டேன்:
எந்த ஆசிரியர்கள்? எத்தனை நாள்?

திங்கட்கிழமை திரும்பி வந்தது.
பீடிக்கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்
கட்டம் கட்டி, தேதி போட்டு.
முதல் வரியில் நான்.
ஜனவரியில் நாலு, பிப்ரவரியில் ஐந்து.

"உங்க பதில் வேணும் மிஸ்."
பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு நின்றாள்.
கூட வந்த யுகேந்திரன்
மேஜையிலிருந்த பியூரெட்டை
புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

காட்பாடியிலிருந்து வருகிறேன், ஏழு ஐம்பது வண்டி,
கே.வி. குப்பத்தில் பத்து நிமிஷம் போட்டுடுவான் என்றேன்.
'போட்டுடுவான்' உட்பட எழுதிக்கொண்டாள்.

புதன்கிழமை மறுபடி.
"பஸ் ஸ்டாண்ட்ல டைம் கீப்பரைக் கேட்டோம் மிஸ்.
நோட்டைக் காமிச்சாரு.
ஒன்பதுல ஆறு நாள்
வண்டி கரெக்டா வந்துகீது."

ஆறு நாள்.
ஒரு நாள் சிலிண்டர் தீர்ந்தது.
இரண்டு நாள் தூங்கிவிட்டேன்.
மீதி மூன்றும் எனக்கே நினைவில்லை.
இந்த இதழில் இடமில்லையே,
பரீட்சை நேரமாயிற்றே,
பள்ளிக்குக் கெட்ட பேர் வருமே...
பதினாறு வருஷமாக எனக்குச் சொல்லப்பட்ட வாக்கியங்கள்
ஒவ்வொன்றாக என் நாக்கில் வந்து உட்கார்ந்தன.
தண்ணீர் குடித்தேன்.

"அந்த ஆறு நாளைக்கு இன்னா போடறது மிஸ்?"
"காரணம் எதுவும் இல்லைன்னு போடு."
யோசித்தாள்.
"காரணம் சொல்ல மறுத்தார்னு போட்டா
நல்லா இருக்கும் மிஸ்."
"நல்லாத்தான் இருக்கும். நான் மறுக்கலையே."
அடித்துவிட்டு எழுதினாள்.
அந்த ஒரு இடத்தில்தான் அன்றைக்கு
நான் அவளுக்கு ஏதோ கற்பித்தேன் என்று நினைக்கிறேன்.

கடைசிப் படியில் ஒரே ஒரு திருத்தம்.
'ஞா. அருல்மங்கை' என்று போட்டிருந்தாள்.
லகரத்தின் மேல் கோடிழுத்து
ளகரம் எழுதிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை குத்தினார்கள்.
இடைவேளையில் ஆறாம் வகுப்புப் பொடிசுகள்
ஒருவர் தோளில் ஒருவர் ஏறிப் படித்தார்கள்.
தமிழய்யா இரண்டு தரம் அந்தப் பக்கம் நடந்தார்.
வெள்ளி காலை ஒன்பது ஐந்துக்கு உள்ளே நுழைந்தேன்.
கேட்டருகே ஷமீமா, நோட்டோடு.
அவள் கடிகாரத்தில் ஒன்பது ஏழு.

கட்டத்தில் மூன்றாவது வரி தலைமையாசிரியர்.
பி.டி. அறைப் பக்கம்
அவர் இன்னும் போகவில்லை.