இரண்டு மில்லிமீட்டர் தேய்மானம்

ஏப்ரல் கடைசியில் கடல் உடையும்.
அதற்குப் பிறகுதான் கெமி நகராட்சி
எனக்குச் சாவிக்கொத்தைத் தரும்.
பதினொரு பூங்கா, இருபத்தாறு ஊஞ்சல்,
ஒரு சறுக்குமரம், அதன் அடியில் உருகாத பனி.

சட்டத்தை யாரும் திரும்பப் பெறவில்லை.
பெறுவதென்றால் கூட்டம் போட வேண்டும்,
கூட்டத்தில் யாராவது ஒருவர்
காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.
அதற்கு என் சம்பளம் மலிவு.

என் பையில் ஒரு தலை இருக்கிறது.
மூன்று வயதுத் தலை. அலுமினியம்.
முகம் கிடையாது, கைப்பிடி உண்டு.
கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே நுழைத்துப் பார்ப்பேன்.
நுழைந்தால் திரும்பி வர வேண்டும்.
வராவிட்டால் சிவப்புச் சீட்டு.
பேருந்தில் மடியில் வைத்துக்கொள்வேன்,
கீழே விட்டால் உருளும்.
எதிரே அமர்பவர்கள்
சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

எப்படி நின்றது என்று கேட்டால்
சொல்ல ஒன்றுமில்லை.
நோய் இல்லை, போர் இல்லை, தடை இல்லை.
விருந்து முடிந்த வீட்டில்
யாரோ ஒருவர் எழுந்து காலணி மாட்ட,
மற்றவர்களும் நேரம் பார்ப்பார்களே,
அப்படி.

எனக்கும் ஒரு குளிர்காலம் வந்தது.
ரிஸ்தோவும் நானும்
அதைப் பற்றித்தான் பேச உட்கார்ந்தோம்.
தொலைந்துபோன அவன் இடதுகைக் கையுறை பற்றிப் பேசிவிட்டு எழுந்தோம்.
கையுறை மார்ச்சில் கிடைத்தது.

ஊரின் கடைக்குட்டி லெம்பிக்கு இப்போது முப்பத்தொன்பது.
காகித ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள்.
மூட்டுவலி வேறு.
கடையில் இன்றும் அவளை முன்னால் விடுகிறார்கள்,
அவள் முறைத்துவிட்டு வரிசையின் கடைசிக்கே போகிறாள்.

படிவத்தில் ‘தேய்மானம்’ என்றொரு கட்டம்.
பத்தொன்பது வருடமாய்ப் பூஜ்யம் எழுதுகிறேன்.
துரு வேறு, தேய்மானம் வேறு.
துருவுக்கு மழை போதும்.

இந்த வருடம், துறைமுகப் பூங்கா, நான்காம் ஊஞ்சல்:
சங்கிலியின் மேல்கண்ணியில் இரண்டு மில்லிமீட்டர்.
அளவுகோலைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன்.
இரண்டுதான்.
கண்ணியின் உட்பக்கம் வெள்ளியாய்ப் பளபளத்தது.

அன்று வீட்டுக்குப் போகவில்லை.
ஃப்ளாஸ்க்கில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது.
சூரியன் மறையத் தோதான இடம் தேடிப்
பதினொரு மணி வரை அலைந்தது.

வந்தவர் ஐமோ கார்ப்பா.
பனி உடைக்கும் கப்பலில் முப்பது வருடம் மெக்கானிக்.
உட்கார்ந்தால் முழங்கால் தாடையைத் தொடுகிறது.
என்னைப் பார்த்து நிறுத்தவில்லை.
இடுப்புக்கு நல்லதாம், டாக்டர் சொன்னாராம்.
எந்த டாக்டர் என்று நான் கேட்கவில்லை.
“தரையில் உரசுது.
ரெண்டு கண்ணி தூக்கிக் கட்டேன்.”

விதிப்படி கூடாது.
இருக்கையின் உயரம் யாருக்காகக் கணக்கிட்டதென்று
விதியில் தெளிவாக இருக்கிறது.
ஸ்பேனரை எடுத்தேன்.
பையில் அதற்கு மேலே இருந்தது தலை.
“இதைக் கொஞ்சம் பிடிங்க” என்றேன்.

இரண்டு கையாலும் வாங்கினார்.
“என்ன இவ்வளவு கனம்?”
“உள்ளே ஈயம்.”
“ஓ.”

கடலிலிருந்து காற்று கிளம்பியது.
பனிக்கட்டி மோதும் சத்தம் கேட்டது,
மாடிவீட்டில் யாரோ தட்டு அடுக்குவதுபோல.
திரும்பிப் பார்த்தேன்.
கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றி
அதை உள்ளே வைத்துக்கொண்டு
கடலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

கழற்ற இரண்டு நிமிடம், மாட்ட இரண்டு நிமிடம்
ஆகிற வேலை.
எனக்கு அந்த போல்ட்டோடு
அரைமணி நேரம் போனது.